டிக்கெட்டின் இன்னொரு பாதி

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மற்றதைப் பின்னால் எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, சுண்டு மூவரும் சௌக்கியமா? சுண்டுவுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா?

முதலில் படம். உனக்கு அதுதான் அவசரம் என்று தெரியும். லாரி டிரைவர் படம் பார்த்துவிட்டேன். கதாநாயகன் மூன்று நாளாகப் பட்டினி. மலைச்சரிவில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது, நெற்றியில் ரத்தம் வழிகிறது. வாயைத் திறந்தால் நேற்றுதான் என் பட்டறையில் செய்து மாட்டியது போல முப்பத்திரண்டும் பளபளவென்று இருக்கிறது. வில்லனுக்கு ஒரு தங்கப்பல் வைத்திருக்கிறார்கள். இடைவேளைக்கு முன்னால் அது இடது பக்கம் இருந்தது, பின்னால் வலது பக்கம் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாகப் பல் செட் செய்கிறவனைத் தியேட்டருக்குள்ளேயே விடக் கூடாது. அம்மாவாக வந்த அந்த வயதான நடிகைக்கு மட்டும் கீழ்வரிசை தேய்ந்து, லேசாகக் கறை ஏறி, நிஜமான பல். அவள் அழுதபோது மட்டும்தான் நான் நம்பினேன்.

இனி வீட்டு விஷயம். போன வாரம் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டாள். நான் பட்டறையிலிருந்து ஓடி வந்து தேடினால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். "எங்கம்மா போற?" என்றேன். "வீட்டுக்குத்தான்" என்றாள். இத்தனை நாள் மாடி வீட்டு அம்மாள் பகலில் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறாரே, நாம்கூடக் கிழிசல் என்று பெயர் வைத்தோமே, அவருடைய சம்சாரம். அவளும் இந்த மாதக் கடைசியில் மகன் வீட்டுக்குப் போகிறாள். அதன் பிறகு பகலில் ஆள் கிடையாது.

ஆறு மாதம் என்னிடம், ஆறு மாதம் உன்னிடம் என்று அப்பா போன பிறகு நாம் பேசிக்கொண்டோம். இங்கே ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஜூன் முதல் தேதி வந்து அழைத்துப் போகிறேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதுவரை இரண்டு மாதம் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறேன். உடனே ஒரு வரி பதில் போடு.

பிரியமுள்ள,
அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அச்சகத்தில் இது ஆண்டறிக்கைக் காலம். பிழை திருத்தித் திருத்தி, இரவு கண்ணை மூடினாலும் எழுத்துதான் ஓடுகிறது.

அண்ணா, ஜூன் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அவர் ஏற்பாடு செய்திருக்கிறார். அந்த நெடி அம்மாவுக்கு ஆகாது என்கிறார். செப்டம்பரில் கண்டிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

வில்லனின் தங்கப்பல்லை நினைத்து அச்சகத்தில் தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன். அப்பா சைக்கிளில் ஒருத்தரைத்தான் படத்துக்குக் கூட்டிப் போவார், போனவர் வந்து மற்றவருக்குக் கதை சொல்ல வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சொல்லும் கதை படத்தைவிட நன்றாக இருக்கும். இப்போதும் அப்படித்தான். கப்பல் படம் பார்த்தீர்களா? பன்னிரண்டு வருஷம் கழித்துக் கப்பலிலிருந்து திரும்பி வருகிற புருஷனைப் பார்த்து, இவரை எனக்குத் தெரியாது என்று அந்தப் பெண் சொல்லிவிடுகிறாள். கல்நெஞ்சுக்காரி. எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வழக்கம் போல என் டிக்கெட்டின் பாதி உள்ளே இருக்கிறது. உங்களுடையதையும் அனுப்புங்கள். சுண்டு டப்பாவில் சேர்த்து வைக்கிறாள்.

உங்கள் அன்புத் தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா நலம். நான் நலம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். செப்டம்பர் என்றால் செப்டம்பர். பெயிண்ட் நன்றாகக் காயட்டும்.

கப்பல் படத்துக்கு வருகிறேன். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றாயே, நான் அவள் கட்சி. பன்னிரண்டு வருஷமாக மாமியாருக்குச் செய்தவள் அவள். கடன்காரனுக்குப் பதில் சொன்னவள் அவள். கூரை ஒழுகியபோது ஏணியில் ஏறியவளும் அவள்தான். அவன் மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டான், அதிலும் கடல் எப்படி நீலமாக இருக்கிறது என்று எழுதினான். திரும்பி வந்தவனை உட்கார வைத்துச் சாப்பாடு போடுவாள் என்று எதிர்பார்த்தது அவன் தப்பு. கடைசியில் அவள் கதவைத் திறக்கிற மாதிரி எடுத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ தயாரிப்பாளர் பயந்து சேர்த்திருப்பார்.

டிக்கெட் பாதி உள்ளே இருக்கிறது. சுண்டுவிடம் கொடு.

பிரியமுள்ள,
அண்ணன்


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். அம்மா நலம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உங்கள் கடிதம் நேற்று வந்தது, இன்று பதில் எழுதுகிறேன். பாருங்கள் என் சுறுசுறுப்பை.

கப்பல்காரன்மேல் உங்களுக்கு ஏன் இத்தனை கோபம்? தூரத்தில் இருக்கிறவனுக்கும் மனசு என்று ஒன்று இருக்காதா? கடல் நீலமாக இருக்கிறது என்று எழுதினான் என்றால் வேறு எதையும் எழுதத் தைரியம் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவர்கூட உங்கள் கட்சிதான். சாப்பிடும்போது இரண்டு பேருக்கும் சண்டை, சுண்டு நீதிபதி.

அடுத்து நீதிபதி படம் வருகிறது. விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் அன்புத் தங்கை


ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே வெயில் குறைந்திருக்கிறது. அம்மா நலம். உங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடித்தீர்கள் என்று எழுதவே இல்லையே.

நீதிபதி படம். தன் தம்பிதான் குற்றவாளி என்று தெரிந்ததும், இந்த வழக்கை என்னால் விசாரிக்க முடியாது என்று கோப்பை வேறு நீதிபதியிடம் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். தியேட்டரே கைதட்டியதாம். எனக்கு வந்தது எரிச்சல். வாங்கிக்கொண்டாரே அந்த இன்னொரு நீதிபதி, அவரை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? அந்த மனிதருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கனமானதைக் கீழே போட்டவன் உத்தமன், எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டவன் துணை நடிகன்.

இன்னொரு செய்தி. முதலாளி நேற்று வீட்டுக்கே வந்திருந்தார். இந்த ஒரு நாற்காலியை நம்பித்தான் பட்டறையில் பாதி வேலை நடக்கிறது, உனக்குத் தெரியும். "இருபத்திரண்டு வருஷ ஆளு நீ. உனக்காக அக்டோபர் ஒண்ணாம் தேதி வரைக்கும் காலியா வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாதுப்பா, டாக்டர்லாம் சத்தம் போடறாங்க" என்றார். செப்டம்பரில் நீ வந்து அம்மாவை அழைத்துப் போகிறாய், அதனால் கவலை இல்லை, கட்டாயம் வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். நாற்பத்து மூன்று வயதில் வேறு எங்கும் போய் நின்று வேலை கேட்க என்னால் ஆகாது.

டிக்கெட் பாதி இணைத்திருக்கிறேன்.

பிரியமுள்ள,
அண்ணன்


ஜூலை 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். சுண்டுவுக்கு முன்பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல். மாமாவிடம் காட்ட வேண்டும் என்கிறாள். சுவருக்கு இளம்பச்சை.

அந்த நீதிபதியை இப்படித் திட்டிவிட்டீர்களே! சொந்த ரத்தம் கூண்டில் நிற்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு மனது வேண்டும் அண்ணா. எல்லோருக்கும் அது இருக்காது. முடியாது என்று ஒப்புக்கொண்டு எழுந்து போகிறவன் கோழை இல்லை. தன்னால் எது முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அந்த நடையும், பின்னால் ஆடிக்கொண்டிருந்த நாற்காலியும் ரொம்பப் பிடித்திருந்தன. இசை மட்டும் கொஞ்சம் சத்தம் அதிகம்.

அடுத்தது ஸ்டேஷன் மாஸ்டர் படம். இங்கே பதினைந்து நாளில் வரும். உங்கள் ஊரில் முதலில் வந்தால் கதையைச் சொல்லிவிடாதீர்கள்!

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை


ஆகஸ்ட் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் படம் இங்கே வந்துவிட்டது. கதையைச் சொல்லவில்லை, பயப்படாதே. ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். நீ பார்க்கும்போது கவனி.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. ஒரு வயதான அம்மாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு புடவை, ஒரு சீப்பு, அணைந்துபோன ஒரு டார்ச் லைட். நாலு மணி அடித்தால் வந்து உட்கார்ந்துவிடுவாள். யார் கடந்து போனாலும், "என் பொண்ணு வந்தாச்சா? என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா" என்று கேட்பாள். இன்னும் வரவில்லை என்று சொன்னால் கோபமே வராது. "பாவம், வேலை இருக்கும்" என்பாள். விளக்கு வைத்ததும் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மறுநாள் நாலு மணிக்குத் திரும்ப வருவாள், முதல்நாள் வந்தது தெரியாது. அவ்வளவுதான் காட்சி. இதைப் பற்றி உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டும்.

செப்டம்பர் பிறக்கப் போகிறது. தேதியை எழுது.

பிரியமுள்ள,
அண்ணன்


ஆகஸ்ட் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு அனைவரும் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

நேற்றுதான் ஸ்டேஷன் மாஸ்டர் படம் பார்த்தோம். நீங்கள் சொன்ன காட்சி, அடடா! அழுகையை அடக்கவே முடியவில்லை. கைக்குட்டை நனைந்துவிட்டது. அந்த நடிகை நடித்த மாதிரியே தெரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லட்டுமா? கொஞ்சம் மிகையாகப் பட்டது. தினமும் அதே நேரத்துக்குப் பையோடு வந்து உட்காருவதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும். நம்மை அழ வைக்க வேண்டும் என்றே எடுத்திருக்கிறார்கள். மற்றபடி படம் சுமார். கடைசி அரை மணி நேரத்தை வெட்டியிருக்கலாம்.

அண்ணா, செப்டம்பரில் அவருக்கு அலுவலகத்தில் ஆய்வு இருக்கிறதாம். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் தூக்கம் கெடும் என்கிறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஜனவரியில் தவறாது. உங்களுக்குத்தான் பொறுமை அதிகம், நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை


செப்டம்பர் 6

தங்கைக்கு,

நலம் விசாரிப்பதை இன்று விட்டுவிடுகிறேன்.

அந்தக் காட்சி படத்தில் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் படத்தில் வயதான அம்மாளே கிடையாது. கிழிசலிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதினேன். அது நம் வீட்டு முன்னறையில், கதவுக்குப் பக்கத்தில், தினமும் நாலு மணிக்கு நடக்கிறது. பையில் இருக்கிற சீப்பு உன்னுடைய பழைய சீப்பு. நீ கைக்குட்டை நனைய அழுத காட்சி அது. மிகையாக இருக்கிறது என்று சொன்னதும் அதைத்தான்.

மார்ச்சுக்குப் பிறகு நான் தியேட்டர் பக்கமே போகவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுப் போக முடியாது. கிழிசல் காலையில் டீ குடிக்க இறங்கி வரும்போது கதை சொல்லுவார். வாசலில் நின்று கடைசி ஆள் வரை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் அவர் போய்ப் பார்ப்பது, அதனால் எந்தப் படத்திலும் முதல் பத்து நிமிஷம் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. டிக்கெட் பாதியும் அவர் கொடுத்ததுதான்.

ஏன் இந்தப் பொய் என்று கேட்பாய். கணக்குப் பார்த்தேன். அம்மா தொலைந்துபோனதை எழுதினேன், உன் பதில் வர முப்பத்தெட்டு நாள் ஆனது. அம்மா நலம், கப்பல் படம் இப்படி என்று எழுதினேன், ஒரே வாரத்தில் வந்துவிட்டது. நாள் முழுக்க இந்த வீட்டில் என்னோடு பேச ஆள் கிடையாது. உன் கடிதம் வேண்டும் என்றால் சினிமா எழுத வேண்டும் என்று புரிந்துகொண்டேன். எழுதினேன்.

இப்போது நிஜத்தை எழுதுகிறேன், பதில் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள், வெட்கத்தை மட்டும் மறக்கவில்லை. குளிக்க வைக்கப் போனால் கதவைப் பிடித்துக்கொண்டு, "வெளிய போப்பா, என் பொண்ணு வந்து பாத்துக்குவா" என்று அழுகிறாள். நான் யார் என்று தெரியாது அவளுக்கு. யாரோ ஒரு ஆம்பளை புடவையைப் பிடித்து இழுக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறேன். அவளும் அழுவாள், நானும் அழுவேன். பல் செட் வேலையைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். யாருடைய மேல்வரிசையோ சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது. முதலாளி அதோடு நிறுத்திவிட்டார்.

கூப்பிடு தூரத்தில் நின்று ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிறவள் நீ. ஒரு முழுக் காட்சி இல்லாததா உன் கண்ணில் படவில்லை? நீ படமே பார்க்காமல் எழுதியிருக்கிறாய் என்றால் மன்னித்துவிடுகிறேன். சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். பார்த்துவிட்டும் அப்படி எழுதினாயா? அதை மட்டும் சொல்.

என் நாற்காலிக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் வா. கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒன்பது கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். தேதி தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஏப்ரல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. "மாமாவோட டிக்கெட் மட்டும் ஏம்மா வேற மாதிரி இருக்கு?" என்று சுண்டு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். மற்ற எல்லாம் நம் கையில் கொடுக்கிற பாதி. உங்களுடையது வாசலில் கிழித்துப் பெட்டியில் போட்டுக்கொள்கிற பாதி. அதோடு, கப்பல் படத்தில் யாருடைய பல்லைப் பற்றியும் நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. நீங்கள் ஒரு படம் பார்த்துவிட்டுப் பல்லைப் பற்றிப் பேசாமல் இருந்ததே கிடையாது. நீங்கள் வெளியே போக முடியாமல் இருக்கிறீர்கள் என்று அன்றைக்கே புரிந்தது. சுண்டுவிடம், அந்த ஊரில் அப்படித்தான் கிழிப்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை? கேட்டால் நீங்கள் சொல்லுவீர்கள். சொன்னால் நான் வர வேண்டும்.

உங்கள் ஆகஸ்ட் கடிதம் வந்த பிறகுதான் அந்தப் படத்துக்குப் போனேன். அந்த அம்மாள் எப்போது வருவாள், எப்போது வருவாள் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளை வந்தது, படம் முடிந்தது, விளக்குப் போட்டார்கள். அவள் வரவில்லை. எங்கே இருக்கிறாள் என்று அப்போது தெரிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை, அவர்தான் கையைப் பிடித்து எழுப்பினார். அழுதேன் என்று எழுதியது பொய் இல்லை. மறுநாள் உட்கார்ந்து, கொஞ்சம் மிகை என்று எழுதினேன். நிஜம் என்று ஒப்புக்கொண்டால் அன்றைக்கே ரயில் ஏற வேண்டியிருந்திருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி. அவர் எதுவுமே சொன்னதில்லை அண்ணா. பெயிண்ட் நெடி, ஆய்வு, தூக்கம் எல்லாம் நானாக அவர் வாயில் வைத்தது. "அத்தையை எப்போ கூட்டிட்டு வரப் போற? முன் ரூமை ஒழிச்சுத் தரட்டுமா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அண்ணா அனுப்ப மாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். உங்களிடம் அவரைச் சொன்னேன், அவரிடம் உங்களைச் சொன்னேன்.

போன வருஷம் வந்திருந்தபோது அம்மா என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க, ஆஸ்பத்திரியிலருந்து வரீங்களா?" என்று கேட்டாள். நீங்கள் அப்போது கடைக்குப் போயிருந்தீர்கள். நான் உங்களிடம் சொல்லவில்லை. அன்று பயந்தவள்தான். அந்தக் கேள்வியைத் தினமும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. இது காரணம்தான், நியாயம் என்று சொல்லவில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். அவரும் வருகிறார், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவை என்னோடு அனுப்புவீர்களா? அனுப்ப மாட்டேன் என்றாலும் நான் கேட்க வாய் இல்லாதவள்.

தங்கை


அக்டோபர் 22

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன்.

ஒன்றாம் தேதி காலையில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். கெட்டிக்காரர் என்கிறார்கள். முதலாளி மரியாதையான மனிதர், என் கத்தி, சுரண்டி, மெழுகு விளக்கு எல்லாவற்றையும் துடைத்து ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. திறக்கவில்லை.

நீ உண்மையைச் சொன்னதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாக இருக்கும். சொல்ல வரவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை இருந்திருக்கும். நீ ஒன்பது கடிதம் கிழித்துக்கொண்டிருந்தாய். கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. மாப்பிள்ளையை ஒன்றரை வருஷமாக மனதுக்குள் திட்டியிருக்கிறேன், அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

வா. வராதே என்று வீம்பு பிடிக்கிற அளவுக்கு எனக்கு ரோஷம் மிச்சமில்லை. தூங்கி எழுந்தவர்களுக்குத்தான் ரோஷமெல்லாம். நவம்பர் முதல் ஞாயிறு அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி வைக்கிறேன். கூட்டிக்கொண்டு போ.

அம்மா நலம் என்று இதுவரை நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு இதைப் படி. சூடான எதையும் கையில் கொடுக்காதே, ஊதிக் குடிக்க மறந்துவிட்டாள். கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடச் சொல், கீழ்த்தாழ்ப்பாளைத் திறந்துவிடுவாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடு, அதில் தெரிகிற கிழவியைக் கண்டால் பயப்படுகிறாள். வலது பக்கமிருந்து தொட்டால் திமிறுவாள், இடது பக்கம் போய் நில். நீ யார் என்று கேட்பாள். தினமும் கேட்பாள். என்னைக் கேட்கிறாள், நான் சாகவில்லை, நீயும் சாக மாட்டாய்.

நேற்று மத்தியானம் அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா, நீ ஒருத்தனே எல்லாம் பண்றியே, உனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பழிவாங்கச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்துவிட்டது.

"அடப் பாவமே" என்று என் கன்னத்தைத் தடவினாள். "எனக்கு ஒரு பொண்ணு இருக்காப்பா. ரொம்ப நல்ல பொண்ணு. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா போதும், உடனே ஓடி வந்துடுவா. உனக்கும் ஒத்தாசையா இருக்கச் சொல்றேன், கவலப்படாதே."

அண்ணன்